யாருடைய நாய் என்று கேட்டார்கள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் முதல் வரியிலேயே பொய் எதற்கு? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் மனைவியும் சின்னவளும் நன்றாக இருக்கிறார்களா? போனில் பேசியிருக்கலாம். முப்பத்தைந்து வருடம் நூல் ஆலை இயந்திரங்களுக்கு நடுவில் நின்ற காதில் போனை வைத்தால் கெட்டில் கொதிக்கிற சத்தம்தான் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

நாய் கடித்துவிட்டது. என்னை இல்லை, கீழ்வீட்டுப் பல்செட்டுக்காரரை, செயற்கைப் பல் செய்கிறவரை.

போன செவ்வாய்க்கிழமை நான் என் பல்செட்டைக் கழுவும்போது மேல்செட்டு கை நழுவித் தொட்டியில் விழுந்து இரண்டாகிவிட்டது. அவர் எடுத்துக்கொண்டு போய் ஒட்டி, ராவி, மறுநாள் காலையிலேயே கொண்டுவந்தார். காசுக்குச் செய்த வேலை இல்லை, பக்கத்து வீட்டு உபகாரம். கதவைத் தட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. சரி, டப்பாவை வாசல்படியில் வைத்துவிட்டுப் போவோம் என்று குனிந்திருக்கிறார். அங்கே நாயின் கிண்ணம் இருந்தது. அதைத்தான் எடுக்க வருகிறார் என்று நினைத்ததோ என்னவோ, வலது கையைக் கவ்விவிட்டது.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேருகிற இடம், பதினோரு தையல். என் துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்த மனுஷர், "செட்டு சரியா உக்காருதான்னு பாத்தீங்களா? மேல குத்துதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் நாயைப் பற்றி முன்பே உனக்கு எழுதியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மழைக்குப் படிக்கட்டின் அடியில் ஒதுங்கியது, மழை விட்டும் போகவில்லை. உன் அத்தானின் பழைய ஸ்வெட்டர் மேல்தான் படுக்கை. பெயரெல்லாம் வைக்கவில்லை. "ஏய்" என்பேன், வரும்.

நீ இருபத்தாறு வருடமாக வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. இப்போது நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே மூன்று பேரும் நலம். முதுகுவலி என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறது, இரண்டு பேரும் பழகிக்கொண்டோம்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் கவலைப்பட்டேன், அடுத்ததாகத் தலையில் அடித்துக்கொண்டேன். "நம் நாய்" என்று மையால் எழுதித் தபாலில் போடுகிறாயே. இந்த மாதிரி வழக்கில் கேட்கிற கேள்வி மூன்றுதான். கடித்தது எந்த நாய்? அது யாருடைய நாய்? கடிக்கும் என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரியுமா? இரண்டாவது கேள்விக்கே பதில் இல்லை என்றால் உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உன் நாய் என்று ஆனால், வைத்தியச் செலவு, அவர் வேலை இழந்த நாட்கள், விரல் மடங்காமல் போனால் அதற்கு, எல்லாம் உன் தலையில்.

யோசித்துப் பார். அந்த நாய்க்குப் பட்டை இல்லை, பெயர் இல்லை, பதிவுச் சீட்டு இல்லை. மிச்சம் மீதி போட்டாய், அவ்வளவுதானே. பூங்காவில் புறாவுக்கு ரொட்டி பிய்த்துப் போடுகிறவர்கள் எல்லாம் புறாவுக்குச் சொந்தக்காரர்களா?

யார் கேட்டாலும் "தெரு நாய்" என்று சொல். எனக்கு எழுதும்போதும் அப்படியே எழுது. கிண்ணத்தையும் ஸ்வெட்டரையும் உள்ளே எடுத்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள், காலையில் வெறும் டீயோடு நிறுத்திவிடாதே.

தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். என்னோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, படிக்கட்டுக்கு அடியில் தற்செயலாக மூன்று வருடமாகப் படுத்திருக்கிற, அந்தத் தெரு நாயும் நலம். போதுமா, குமாஸ்தா ஐயா?

ஸ்வெட்டரை உள்ளே எடுத்தேன். நாய் எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் நின்று என்னைப் பார்த்தது. அரை மணி நேரம் கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, திரும்பப் போட்டுவிட்டேன். கிண்ணமும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

இரண்டு நாளாக நம் பழைய வீட்டு நாய் மேஸ்திரி ஞாபகமாகவே இருக்கிறது. உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா தண்ணீர்க்குழாயைப் பழுது பார்த்தால் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் கவனிக்கும். அம்மா துணி காயப்போட்டால் கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூடவே நடந்து சரிபார்க்கும். மேஸ்திரி என்று பெயர் வைத்ததே நீதான், ஐந்து வயதில். அப்பாவின் பழைய இடுப்பு பெல்ட்டை வெட்டிப் பட்டை செய்தோம். ஆணியைச் சூடாக்கி நான் ஓட்டை போட்டேன், ஐந்து ஓட்டை, ஒன்று கோணல். அந்தக் கருகின தோல் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனையில் உன் தலை தெரிந்ததும் வால் தரையைப் பெருக்க ஆரம்பிக்கும். அந்த வாசலும் அந்த வெயிலும் ஒரு நாள் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

பதினாறு வயதில் நான் ஆலை விடுதிக்குப் போனேன். நாலு மாதத்தில் மேஸ்திரி ஓடிப்போய்விட்டதாக நீ எழுதினாய். அவ்வளவு பாசமான நாய் எதற்கு ஓடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இது என் நாய் இல்லை என்று நான் சொன்னால், நாயை என்ன செய்வார்கள்?

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. சின்னவள் பரீட்சை முடிந்தது. என் மனைவி புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், வீட்டில் இதுவரை கண்ணில் படாத தூசியெல்லாம் இப்போது தெரிகிறதாம், எனக்கு வேலை கூடிவிட்டது.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நானே தட்டச்சு செய்தது. "மேற்படி நாய் எனக்குச் சொந்தமானதன்று, அதை நான் வளர்க்கவுமில்லை." இரண்டே வரி. கீழே கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள். கேட்கும்போது நீட்டினால் போதும். நம் பெரிய வக்கீலிடமும் காட்டினேன், சரியாக இருக்கிறது என்றார்.

குளிர் குறைந்ததா? படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் மனைவிக்கு என் அன்பு, அந்தக் கண்ணாடியோடு அவள் இங்கே வந்துவிட வேண்டாம், என் வீட்டுத் தூசி பாவம்.

நேற்று பல்செட்டுக்காரரின் பட்டறைக்குப் போனேன். அலமாரி நிறையப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் ஒட்டியிருக்கிறது. பெயர் இருக்கிறது, பல் இல்லை. எல்லாம் இரண்டு மாதமாக அப்படியே நிற்கின்றன. அவர் இடது கையால் மெழுகைச் செதுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு பல்லை வைப்பதற்குள் மூன்று தடவை கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். "ஆள்காட்டி விரல் மடங்கலிங்க. வேற ஒண்ணுமில்ல," என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

அவருடைய மகள் அப்படி விடுகிறவள் இல்லை. நோட்டீஸ் அனுப்பிவிட்டாள், நகராட்சியிலும் புகார் கொடுத்துவிட்டாள். எந்த நாய் என்பதில் சந்தேகமே வராது. காயத்தைப் பார்த்த அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார். "மேல வலது பக்கம் கோரைப்பல் குத்தலே இல்ல பாருங்க. உங்க நாய்க்கு அந்தப் பல்லு கிடையாது." அவர் தொழில் அது, அவரிடம் மழுப்ப முடியாது.

உன் மூன்றாவது கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. போன வருடம் மின்கணக்கு எடுக்க வந்தவரின் பேன்ட்டைப் பிடித்துக் கிழித்தது. தோலில் படவில்லை. நான் அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, கிழிசலைத் தைத்துக் கொடுத்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கே கட்டி வைத்திருந்தால் இவர் விரல் இன்றைக்கு மடங்கும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் ஒட்டிக் கொடுத்த பல்லால்தான் மெல்லுகிறேன், தம்பி.

வாக்குமூலம் மேஜை மேல் இருக்கிறது. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நாயை என்ன செய்வார்கள்?

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பேன்ட் விஷயத்தைப் பற்றி இனிமேல் யாரிடமும் வாயைத் திறக்காதே, என்னிடமும் கூட. விசாரணைத் தேதி வந்ததும் தெரிவி. கையெழுத்துப் போட்டுவிடு.

நாய் விஷயத்தை நகராட்சி பார்த்துக்கொள்ளும். நீ உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்துக்கொள்ளும் என்றால்?

விசாரணை மே 14. என் டிரங்குப் பெட்டியில் உன் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. நாலு கோடு போட்ட நோட்டுக் காகிதம், எட்டு வயதுக் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, நீ நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். மேஸ்திரி ஓடிப்போச்சு. பட்டையோடயே ஓடிப்போச்சு. நான் அழல. நீயும் அழாதே."

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் கையெழுத்து.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை ஆபீசிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். மற்றவர்களுக்காக எவ்வளவு பெரிய விஷயத்தையும் அரைப் பக்கத்தில் தட்டித் தள்ளுகிற கை, இதற்கு நகர மாட்டேன் என்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் இது. சொந்தக்காரர் இருந்தால், அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால், நாயைப் பதிவு செய்து, வெளியே வரும்போது வாய்மூடி போட்டு, அவரிடமே விடுவார்கள். சொந்தக்காரர் இல்லாத நாய் ஆளைக் கடித்திருந்தால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அது இருக்காது. எனக்கு இது முதல் நாளே தெரியும். இருபத்தாறு வருடமாகத் தெரியும். இல்லை, நாற்பத்திரண்டு வருடமாகத் தெரியும்.

மேஸ்திரி ஓடிப்போகவில்லை, அக்கா.

பால் கொண்டுவருகிறவரைக் கணுக்காலில் கடித்துவிட்டது. ஆழமான கடி. அவர் புகார் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது இரண்டு மாதமாக வேலை இல்லை, நீ அனுப்புகிற பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. பயந்துபோனார், அவ்வளவுதான். நகராட்சியிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பையில வச்சுக்கோ. நம்ம நாயான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. சின்னப் பிள்ளை சொன்னா நம்புவாங்க," என்றார்.

வந்தவர் நல்ல மனுஷர். என் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார். "தம்பி, உங்க நாயா இது?" நான் இல்லை என்றேன். "அப்படியா? பேரு தெரிஞ்சா ஒரு தடவை கூப்பிடு பாக்கலாம்." நான் கூப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அது தானாகவே வாசலைக் கடந்து வந்து என் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லார்கிட்டயும் அப்படித்தாங்க அது," என்றார். அந்த ஆள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு கயிற்றைப் போட்டார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, நல்ல பிள்ளையாகக் கூடவே போனது. வண்டிக் கதவு மூடுகிறவரை அவர்கள் வேலையைச் சரிபார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டை என் கால்சட்டைப் பையில் இருந்தது, சூடு ஆறாமல்.

பால்காரருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நான் ஊரை விட்டு வருகிறவரை அவர் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அவர் சைக்கிள் மணி கேட்டால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன்.

உனக்கு அந்தக் கடிதத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் அழல" மட்டும் நானாக எழுதியது, அதுவும் பொய். பட்டையைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். ஒரு தடவை உறையை யாரோ துவைத்து மாட்டியிருந்தார்கள், பட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மாதான் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கத் தைரியம் இல்லை.

அதைத்தான் இந்தப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். தோல் காய்ந்துவிட்டது, கொஞ்சம் எண்ணெய் தடவினால் மடங்கும். அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போடு. என் வாழ்க்கையில் அதே பொய்யை இரண்டாவது தடவை சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை தட்டச்சில், யாரும் சொல்லச் சொல்லாமலே.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உண்மையாகவே நலம்.

தலையணை உறையைத் துவைத்தது அம்மா இல்லை, நான். அந்த வருடம் ஆலை விடுமுறைக்கு வந்தபோது உன் உறை அழுக்காக இருந்தது, உருவினேன், பட்டை மடியில் விழுந்தது. கோணல் ஓட்டையைத் தடவிப் பார்த்தேன். பட்டையோடு ஓடிப்போன நாயின் பட்டை இங்கே எப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அன்றைக்கு நீ சாப்பாட்டில் தலையே நிமிரவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாய் என்று, உறை காய்ந்ததும் மாட்டி, அதை உள்ளேயே வைத்துவிட்டேன். பெரியவனானதும் நீயாகச் சொல்லுவாய் என்று நினைத்தேன். பெரியவனாகக் கொஞ்சம் அதிக நாள் எடுத்துக்கொண்டாய். ஜனவரியில் 'புரிந்ததே இல்லை' என்று எழுதியதும் நீ வாய் திறக்கிறாயா என்று பார்க்கத்தான். அப்பா மேல் எனக்குக் கோபம் உண்டு, அவர் போகிறவரை இருந்தது. உன் மேல் ஒரு நாளும் இல்லை.

விசாரணையைப் பற்றி எழுதுகிறேன். அதிகாரி உன் சின்னவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள், மூக்கடைப்போடு உட்கார்ந்திருந்தாள். காது கேட்காது என்று சொன்னதும் பெஞ்சை இழுத்துத் தன் மேஜைக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். ஒரு பக்கம் பல்செட்டுக்காரரும் மகளும், மறுபக்கம் நானும் நாயும். நாய்க்குக் கழுத்தில் துணிக்கொடிக் கயிறு. பட்டை என் கைப்பையில் இருந்தது. பையைத் திறக்கக் கை வரவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். வைத்திருப்பதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்பாவை அந்த ஐந்து நிமிடத்தில்தான் கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

"யாருடைய நாய் இது?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பல்செட்டுக்காரர், "அது சும்மா படிக்கட்டுல கெடக்குற நாய்ங்க. அவங்க பாவம், சோறுதான் போடுறாங்க," என்றார். மகள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். கடிபட்ட மனுஷரே எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லுகிறார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது.

"என் நாய்தான்மா," என்றேன். "மூணு வருஷமா நான்தான் வளக்கறேன். கடிக்கும்னு எனக்குத் தெரியும். போன வருஷமே ஒருத்தர் பேன்ட்டைக் கிழிச்சுது, தச்சுக் குடுத்து மறைச்சுட்டேன்." பையிலிருந்து பட்டையை எடுத்து அங்கேயே போட்டேன். மேஸ்திரி கொழுத்த நாய், இது ஒல்லி. கடைசி ஓட்டைதான் சரியாக இருந்தது, கோணல் ஓட்டை.

"உங்க நாய்னா கூப்பிடுங்க பாக்கலாம்," என்றாள். கயிற்றை அறையின் கடைசியில் நிற்கிற பியூனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். படிவத்தில் எழுத வேண்டும், நாயின் பெயர் என்ன என்றும் கேட்டாள். எனக்குத் தெரிந்த நாய்ப் பெயர் ஒன்றுதானே. "மேஸ்திரி," என்று கூப்பிட்டேன். அது தன் பெயர் என்று அதற்குத் தெரியாது, ஆனால் என் குரல் தெரியும். பியூனையும் இழுத்துக்கொண்டு வந்து என் காலில் சாய்ந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

வைத்தியச் செலவும் அவர் வேலை இழந்த மாதங்களுக்கு உண்டானதும் நான் கொடுக்க வேண்டும். என் சேமிப்பு பெரும்பாலும் போய்விடும், போகட்டும். வெளியே வாய்மூடி இல்லாமல் விடக்கூடாது, இன்னொரு கடி என்றால் பேச்சே கிடையாது. அப்புறம் சட்டம் சொல்லாத ஒன்று நானே செய்கிறேன். தினமும் காலையில் பட்டறைக்குப் போய் அவர் சொல்கிற இடத்தில் பல்லைப் பிடித்துக்கொள்கிறேன், அவர் இடது கையால் மெழுகை வார்க்கிறார். முப்பத்தைந்து வருடம் அறுந்த நூலை முடிந்த விரல், நடுங்காது. நேற்று முதல் செட்டு முடிந்தது. அவர் மகள் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தாள், பேசவில்லை, ஆனால் சர்க்கரை போட்டிருந்தாள்.

உன் அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை என் மனைவிக்கும் சின்னவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் சின்னவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

நீ கொடுக்க வேண்டியதில் பாதி என்னுடையது. மறுக்காதே. அதை உனக்குத் தருவதாக நினைக்க வேண்டாம், பால்காரருக்குத் தர வேண்டியது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீ வந்து கதவைத் திறக்க வேண்டாம், மாடியிலேயே இரு. நாய்க்கு நான் யார் என்று தெரியாது, உடனே வராது, குரைக்கவும் செய்யும். பரவாயில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று நான் ஒரு தடவை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அது வருகிறவரை நிற்கிறேன்.

தம்பி